பதினேழாவது கிரகம்

பதினேழாவது கிரகத்தில் கலம் இறங்கியதும்
திம்மராயன் போனை நிறுத்தினான்.
"அதே மேடுதான்பா. ஆறாவது கிரகத்துலயும் இதே மேடு.
இடது மூலையில பாரு,
டிப்பர் திரும்பின தடம்."

பர்கூர் பைபாஸ், இரவு பத்தேகால்.
பரோட்டாக் கடை மேசையில்
தண்ணீர் ஜக்கில் சாய்த்த கைப்பேசி,
அதைச் சுற்றி நாங்கள்.
இங்கிலாந்துக்காரன் ஐம்பது வருடமாய் எடுக்கும் தொடர்:
வழியில் நின்றுபோன விண்கலங்களைக்
கட்டி இழுத்துவரும் ஒரு கிழட்டுக் கலம்.
கலம் அதேதான், ஓட்டுநர் மாறிக்கொண்டே இருப்பார்.
இதுவரை எட்டுப் பேர்.
எங்கள் சண்டையெல்லாம் அவர்களால்.

திம்மராயன் வெடி வைக்கிறவன்.
"வேற்றுக் கிரகமாம். சுண்ணாம்புக் கல்லு,
மூணு பெஞ்ச் இறக்கியிருக்கான், லீசு முடிஞ்ச குவாரி.
ஞாயித்துக்கிழமைல சும்மாவே விட்டிருப்பாங்க."

பர்ஹானாவுக்குப் பொறுக்காது.
ஏற்றுமதி ஆபீசில் பில் போடுகிறவள்;
பார்சல் வாங்க வந்து, ஸ்கூட்டியை அணைக்காமலே
மூன்றாவது ஓட்டுநருக்குக் கட்சி கட்டுவாள்.
சுவர் ஆடும், அரக்கனின் முதுகில் ஜிப் தெரியும்,
அந்த ஆள் மட்டும்
நிஜமாகவே பயந்து நிற்பான் என்பாள்.
"பயப்படாம? மேல லூஸ் கல்லு, தலையில ஹெல்மெட் இல்ல,"
என்பான் குப்புராஜ்.

குப்புராஜ் கிரேன் ஆபரேட்டர்.
ஐந்தாவதாக வந்த அம்மாள்தான் அவனுக்கு ஓட்டுநர்.
"கொக்கி மாட்டினதும் ஒருதரம்
இழுத்துப் பாக்கறது அவங்க மட்டும்தான்.
மத்தவனெல்லாம் நடிகனுங்க."

எனக்கு முதலாமவர்.
நாடா விலை என்று அவர் நடித்ததையெல்லாம் அழித்து
மேலே கால்பந்து பதிந்துவிட்டார்கள்.
குரல் மட்டும் மிச்சம்,
யாரோ வீட்டில் ரேடியோ வைத்துப் பிடித்தது.
பாலிஷ் மிஷினில் பதினோரு வருடம்,
என் இடது காது போயிற்று.
வலது காதில் அவரை வைத்திருக்கிறேன்.

போன புதன்கிழமை பர்ஹானா வந்தாள்,
பார்சல் சொல்லவில்லை.
மூன்றாவது ஓட்டுநர் இறந்துவிட்டாராம். எண்பத்தொன்பது வயது.
மாஸ்டர்கூட கல்லில் தட்டுவதை நிறுத்தி
யாருக்கு என்னவென்று கேட்டார்.
சொந்தமா என்றார்.
என்ன சொல்வது என்று
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அவருக்கு வைக்கிற கல்லு
நம்ம பர்கூர் பிளாக்கா இருக்குமோ?"
குப்புராஜ்தான் கேட்டான்.
"மாசம் ரெண்டு கன்டெய்னர் போகுது, கல்லறை அளவுல.
பேரை அங்கதான் வெட்டுவாங்க. இங்கருந்து வெறுங்கல்லு.
யாருக்குன்னு பில்லுல இருக்காது."
"எரிச்சிருப்பாங்க," என்றான் திம்மராயன்.
அவனை யாரும் திட்டவில்லை.

பிறகு எதற்கென்று தெரியாமல்
பழைய குவாரிக்குப் போனோம்.
மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது கீழே,
வயர்சா அறுத்த சுவர்கள்
செல்போன் வெளிச்சத்தில் ஈரமாய், நேராய்.
பர்ஹானா விளிம்புக்கு இப்பால் நின்று
மூன்றாமவர் ஒவ்வொரு வாரமும் சொல்வதைச் சொன்னாள்:
"கட்டியாச்சு. பயப்படாம வா."
தமிழில்தான் சொன்னாள்.
எதிர்ச்சுவர் அதை
கொஞ்சம் தாமதமாய்த் திருப்பிக் கொடுத்தது,
வலது காதுக்கு.

"இங்க வந்து எடுத்திருக்கலாம்," என்றான் திம்மராயன்.
"வெடி நான் வச்சிருப்பேன். கரெக்டா வச்சிருப்பேன்."

திரும்பும்போது எட்டாவது ஆள் தேறமாட்டான் என்பதில்
முதல்முறையாக எல்லோரும் ஒத்துப்போனோம்.
அதற்குள் ஸ்கூட்டி இருமி நின்றது.
இத்தனை மாதம் அணைக்காமல் பேசிய பெட்ரோல்.
ஹைவே வெளிச்சம் இன்னும் அரை மைல்.
குப்புராஜ் பைக் பெட்டியிலிருந்து
நைலான் கயிறு எடுத்தான்,
முடிச்சுப் போட்டான்,
ஒருதரம் இழுத்துப் பார்த்தான்.